மாமனாரின் காய்ந்த விரல்

போன மழைக்காலத்தில், தாராவிக்குப் பக்கத்துச் சுனாபட்டியில் என் மாமனார் வீட்டில் நடந்தது. எனக்கு ஒரு வியாதி உண்டு: கம்பெனிக்காரனே கைகழுவிவிட்ட பழைய போன்களில், யார் யாரோ சேர்ந்து இலவசமாக எழுதும் இயங்குதளத்தை ஏற்றி ஓடவைப்பது. அப்படி ஒன்றை ஓடவைத்து, பெருமை தாங்காமல் மாமனாரிடம் கொடுத்தேன்.

அவர் ரிட்டயர்டு கிளார்க். பாலக்காட்டில் இருக்கும் பால்ய சிநேகிதரோடு தினமும் போனில் செஸ் ஆடுவார். என் போன் வந்த ராசி, வரிசையாகத் தோற்றார். காயைத் தொட்டால் நகராது, நேரம் ஓடிவிடும். நான் தொட்டால் சமர்த்தாக நகர்ந்தது. உடனே பெரிய டாக்டர் மாதிரி அவர் கையைப் புரட்டிப் பார்த்து, "விரல் காய்ஞ்சு போச்சு மாமா, வயசானா அப்படித்தான்" என்றேன். பாவம், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஆடினார். பதினோராவது தோல்வியன்று, "கை போயிடுத்து. இனிமே ஆட்டம் வேண்டாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மனசு கேட்கவில்லை. போனின் திரைக் கண்ணாடியை மாற்றிப் பார்க்கலாமென்று தாராவியில் போன் ரிப்பேர் செய்யும் திருநெல்வேலிக்காரரிடம் போனேன். காய்ந்த விரல் கதையைக் கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தார்; அவர் விரலையும் போன் மதிக்கவில்லை.

"எனக்கும் வயசாயிட்டோ சார்? நாப்பதுதான ஆகுது" என்று சிரித்தபடி மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தார். "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ரெண்டே முக்கால் வோல்ட்டுக்கு மேல வேணும், ரெண்டரைதான் வருது. அரைப் பட்டினி போட்டு வச்சிருக்காவ! யாரு சார் இந்த வேலையப் பாத்தது?"

வேறு யார்? ஒவ்வொரு பாகத்துக்கும் குறைந்தது இத்தனை, அதிகபட்சம் இத்தனை வோல்ட் என்று இயங்குதளத்துக்கு எல்லை குறித்துக் கொடுக்கும் கோப்பை, சோம்பல்பட்டு இன்னொரு மாடலிலிருந்து அப்படியே காப்பியடித்தவன் நான்தான். என் விரலில் எப்போதும் வியர்வை ஈரம். அந்த அரைப் பட்டினியிலும் வேலை செய்திருக்கிறது. அவர் பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்து இரண்டு எண்களைத் திருத்தி ஏற்றினேன். அவர் விரல் பட்டதும் திரை துள்ளியது.

மாமனாரிடம் வழிந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். கோபமே படவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பாலக்காட்டுக்குப் போட்டுச் சொல்லுங்கோ" என்றார். போட்டேன். வோல்ட்டேஜ், எல்லை, கோப்பு எல்லாம் விளக்கினேன். மறுமுனையில் வெடிச்சிரிப்பு.

"தோத்ததுக்குச் சாக்கு சொல்ல மாப்பிள்ளையையே ஏற்பாடு பண்ணியிருக்கானா!"

அன்று சாயங்காலமே, எண்ணெய் தடவாத விரலால், மாமனார் அவரை மடக்கிவிட்டார். இப்போதெல்லாம் எது ஓடாவிட்டாலும், அடுத்தவர் விரலைப் புரட்டுவதற்கு முன்னால் என் கோப்பைத்தான் புரட்டிப் பார்க்கிறேன்; தப்பு அநேகமாக அங்கேதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.