இரண்டு அங்குல மூச்சு

மார்ச் 4: மூச்சை விட்டபோது 36¾, இழுத்தபோது 37½. விரிவு முக்கால்.
ஏப்ரல் 1: 36½, 37½. விரிவு ஒன்று.
மே 6: 36½, 37½. ஒன்று.
ஜூன் 17: 36½, 37½. ஒன்று.
தேவை: இரண்டு.

தையற்காரி ஒருத்தியின் அளவு நோட்டில், ஊரார் சட்டை அளவுகளுக்கு நடுவே, அவள் கணவனின் மார்பளவு இப்படி ஏறியிருந்தது.

அவன் தீயணைப்பு வீரன். பத்தொன்பது வருடம் புகைக்குள் புகுந்து புறப்பட்டவனை நிமோனியா ஒரே மாதத்தில் சாய்த்துவிட்டது. நிலையத்திலிருந்து வந்த முதல் கடிதம் அவனைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தது. இரண்டாவது கடிதம் கெடு வைத்தது. ஜூன் 25 அன்று மருத்துவர் முன் மார்பு இரண்டு அங்குலம் விரிய வேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை அந்த மேசைதான்.

மணி அடித்தால் அவன் கால் தானாக எழுந்துவிடும். "உட்காருங்கண்ணே, நாங்க அணைச்சிட்டு வந்து கதை சொல்றோம்" என்பான் வண்டியோட்டி. அவனும் சிரித்து வைப்பான். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

மார்பை விரிக்க அவன் ஹடயோகம் கற்கப் போனான். நூலக மாடியில் கற்றுத்தந்த அம்மா கறாரானவர். விடிகாலை, வெறும் வயிறு. குப்புறப் படுத்துத் தலை தூக்கும் புஜங்காசனம், மார்பை வில்லாக வளைக்கும் மத்ஸ்யாசனம், கடைசியில் மூக்கை மாற்றி மாற்றி நாடிசுத்தி.

"தண்ணிக் குழாயா சார் இது, இழுத்துப் பிடிக்க? முதல்ல விடுங்க. முழுசா விட்டாத்தான் முழுசா வரும்."

மே மாதத்தில் இருமல் நின்றது. தூக்கம் பிடித்தது. மூன்று மாடி ஏறியும் இரைக்கவில்லை. டேப் மட்டும் பதினோரு வாரமாக ஒன்றிலேயே சண்டித்தனம் செய்தது.

அவள் அளப்பது புதன்கிழமைகளில். அளக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஜூன் 24, கெடுவுக்கு முந்தைய நாள், மனசு கேட்காமல் குனிந்து பார்த்தான்.

"ஏய், டேப்புக்குள்ள உன் விரல் என்ன பண்ணுது?"

"எந்த விரலு?"

"ரெண்டு விரலு!"

"லூஸ் விட வேணாமா? பிடிச்ச பிடியா தைச்சா யாருங்க போடுவா?" சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூச்சுக்குக்கூடவா சட்டை தைக்கிற!"

கைப்பழக்கம். தொடக்கத்தில் இரண்டு அளவிலும் விரல் உள்ளே இருந்ததால் விரிவுக் கணக்கு பிசகவில்லை. மார்பு விரிய விரிய, மூச்சு நிறைந்ததும் விலா அவள் விரலை வெளியே தள்ளத் தொடங்கியது. மூச்சை விட்டபோது மட்டும் விரல் உள்ளேயே இருந்து அந்த அளவைக் கூட்டிக் காட்டியது. அவன் சேர்த்த மூச்செல்லாம் அந்த விரலடியில் போயிருந்தது.

விரலை எடுத்துவிட்டு அளந்தாள். 35¼, 37½. நம்பாமல் மூன்று முறை அளந்தாள்.

மறுநாள் மருத்துவரும் இருமுறை அளந்தார். "நிமோனியா வந்தது உங்களுக்குத்தானா?"

"எனக்கேதான் டாக்டர்."

வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற மனைவி ஓடிவந்தாள். "எவ்வளவுங்க?"

"ரெண்டே கால்!"

"கால் எதுக்கு?"

"லூஸுக்கு."

தெருவே திரும்பிப் பார்க்க இருவரும் சிரித்தார்கள். அடுத்த பதினான்கு நாளும் அவன் ஒரு விடியலைக்கூடத் தவறவிடவில்லை. வண்டியில் ஏறச் சொன்ன மூன்றாவது, கடைசிக் கடிதம் வந்தது ஜூலை 9, வியாழக்கிழமை.