புள்ளி வைத்த கீபோர்டு

அந்த வீட்டு மருமகளுக்கு அழுக்கென்றால் ஆகவே ஆகாது. ஓரங்கட்டிய பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகளை வாங்கிவந்து, எழுத்துக் கட்டைகளைப் பிடுங்கிச் சோப்பு நீரில் ஊறப்போட்டு, அடியிலுள்ள ஸ்விட்சுகளை ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, புதுசாக்கி விற்பதுதான் அவள் பிழைப்பு. வடிகட்டியில் காய்கறி இருக்கவேண்டிய இடத்தில் எழுத்துகள் கிடக்கின்றன என்று மாமியார் புலம்பாத நாளில்லை.

மாமனார் பார்வை போன பிறகும் விடாமல் வாரப் பத்திரிகைக்கு மர்மத் தொடர் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் அன்று மாலைக்குள் போயாக வேண்டும். காலையில் கை பட்டு, காபி முழுவதும் அவர் கீபோர்டில் கொட்டிவிட்டது. வேறு எதை நீட்டினாலும் அவர் விரல் ஏற்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்று மருமகள் கெஞ்சியும் மசியவில்லை.

"கொலைகாரன் யாருன்னு இந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதும்மா."

மனிதரின் பிடிவாதம் அப்படி! அவளும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். மதியத்துக்குள் கீபோர்டு பளபளத்தது. பெருமையோடு கொண்டுபோய் வைத்தாள். அவர் தட்டினார். எழுதியதை வாசித்துக்காட்டும் ஹெட்போனில் ஒரே உளறல். விரல்கள் எதையோ தேடித் தேடி நின்றன.

"என் புள்ளியெல்லாம் எங்கம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழி தெரிவதற்காகச் சில கட்டைகளின் தலையில் அவர் பசைத்துளி வைத்திருந்தார். இந்த மகராசி அதையும் அழுக்கென்று சுரண்டி எறிந்திருந்தாள். போகட்டும், தொடர் முடியாமலே நிற்கட்டும் என்று அவர் ஹெட்போனைக் கழற்றியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சுரண்டினவ நான்தான். வச்சுத் தரப்போறவளும் நான்தான். விரலை வைங்க, மாமா."

அவர் கட்டையைத் தொட்டுக் காட்ட, அவள் ஊசிமுனையால் பசை வைத்தாள். இன்னும் கொஞ்சம் குண்டாக வேண்டும் என்றார், இது சரி என்றார். புலம்பல் திலகமான மாமியாரே, பசை சீக்கிரம் காயட்டும் என்று முடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கதவு சாத்தப்பட்டது. உள்ளே தடதடவென்று ஒரே அமர்க்களம். வெளியே காதை வைத்துக் கேட்ட மருமகள், ஒரு கட்டைகூடத் திக்கவில்லை என்று மாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

பொழுது சாய்வதற்குள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். அனுப்பியாகிவிட்டது. இப்போதாவது கொலைகாரன் யாரென்று சொல்லக் கூடாதா என்று மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"யாருன்னு சொல்ல மாட்டேன். எப்படி மாட்டினான்னு வேணா சொல்றேன்," என்று மருமகள் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் ரொம்பச் சுத்தமா தொடச்சு வச்சிட்டான்மா."