இருபத்தொன்று எங்கே?

எனக்குக் கோபம் மூக்குநுனியில்தான். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன். நான்கு லேப்டாப்பை வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகளை மேய்த்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

வாரத்துக்கு ஒரே ஒரு பீரியடு. அதன் மேலும் கணக்கு டீச்சருக்கு ஒரு கண். "பூஜ்யமும் ஒண்ணும் சொல்லிக் குடுக்க ஒரு பீரியடா? அது ஒண்ணாங்கிளாஸ்லயே முடிஞ்சுதே!" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வார். கடைசியில் தலைமையாசிரியை ஒரு தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் என் பிள்ளைகள் செய்து காட்ட வேண்டும். தேறினால் பீரியடு எனக்கு, இல்லையென்றால் கணக்குக்கு.

ஏழாம் வகுப்போடு மல்லுக்கட்டினேன். ஓர் அட்டையில் ஐந்து குட்டி பல்புகள். அவற்றின் கீழே பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று எழுதியிருந்தோம். பல்பு ஆன் என்றால் ஒன்று, ஆஃப் என்றால் பூஜ்யம். ஒன்று விழுந்த இடங்களின் எண்களைக் கூட்டினால் அவரவர் ரோல் நம்பர் வர வேண்டும். பல்புகளை எரிய வைக்கும் கோடிங் ஒவ்வொருவருடைய சொந்தச் சரக்கு.

சனிக்கிழமை முதல் ஆறு பேர் அசத்திவிட்டார்கள். அடுத்து வந்தவள் ரோல் நம்பர் இருபத்தொன்று. பட்டனைத் தட்டினாள். எட்டும் இரண்டும் மட்டும் எரிந்தன. தலைமையாசிரியை விரல்விட்டுக் கூட்டினார்.

"பத்துதானே வருது? இருபத்தொண்ணு எங்கம்மா?"

கணக்கு டீச்சர் முகம் மலர்ந்தது. பீரியடு போச்சு! "ஆஃப்னா பூஜ்யம்னு எத்தன வாட்டி சொன்னேன்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவள் அசரவில்லை. "ஆஃப்னா எங்கம்மா வூட்ல இருப்பாங்க மிஸ். அது எப்பிடி பூஜ்யம் ஆவும்? அதுக்குத்தான் நான் ஒண்ணு போட்டேன்."

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கம்பெனி வேலைதான்; அங்கே ஆஃப் என்றால் வார விடுமுறை. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்திய எனக்கு அது உறைக்கவே இல்லை.

பின்வரிசையில் அவள் அம்மா எழுந்தார். கம்பெனியில் தினக்கூலி, அன்றைக்கு அவருக்கு ஆஃப். "மேடம், ஆஃபுக்கு கம்பெனில எனக்கு சம்பளம்னு ஒண்ணும் போட மாட்டாங்க. எம் பொண்ணாவது ஒண்ணு போட்டுக்கீதே!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண்ணைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "தப்பா, ரைட்டா? சொல்லுங்க."

"தப்பில்ல மேடம். எத ஒண்ணுன்னு வெச்சுக்கறதுங்கறது நாம பேசி வெச்சுக்கறதுதான். நடுவுல மாத்தாம இருந்தா போதும்."

அவர் மறுபடியும் அட்டையின் பக்கம் குனிந்தார். இந்த முறை எரியாத பல்புகளை விரல்விட்டுக் கூட்டினார். பதினாறு, நான்கு, ஒன்று. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்து கணக்கு டீச்சரைப் பார்த்தார்.

"இருபத்தொண்ணு சரியா வருது. அந்தப் பீரியட விட்டுடுங்க டீச்சர். என்னையே ரெண்டு வாட்டி கணக்குப் போட வெச்சுட்டா இந்தப் பொண்ணு."