தவமலர் அக்காவின் கொப்பியில் உங்கள் பெயரும் இருக்கிறது

தவமலர் அக்கா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியில்.

எனக்கு எப்படித் தெரிய வந்தது தெரியுமா? வெள்ளவத்தைப் புத்தகக் கடையின் பேஜில் வந்த போஸ்டரைப் பார்த்து. "வரும் சனி மாலை நூல் வெளியீடு." விளக்கேற்றல், வரவேற்புரை, வாழ்த்துரை நான்கு, ஆய்வுரை மூன்று... எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில், "கடை ஊழியர் தவமலர் மறைவுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி."

ஒரு நிமிடம். வாழ்த்துரைக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

யார் இந்தத் தவமலர் என்று கேட்பீர்கள். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அந்தக் கடை, அதன் மேல்மாடியில் இலக்கியக் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு நாள் முன்பு உங்கள் எல்லோருக்கும் போன் எடுத்துக் கூப்பிட்டவர் அவர்தான். பத்து வருடமாக.

என்னுடைய ஒரே கவிதைப் புத்தகத்தை அங்கேதான் வெளியிட்டேன். மாடி நிறைந்த சனம், படிக்கட்டிலும் ஆட்கள். என் கவிதைக்கு வந்த கூட்டம் என்று நம்பி, அந்தப் போட்டோவை ஒரு வருடம் கவர் பிக்சராக வைத்திருந்தவள் நான். வெட்கம் கெட்டவள்.

ஏற்புரையில் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். மைக் செட்காரருக்குக்கூட. அக்காவின் பெயர் ஞாபகம் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு, கதிரைகளை அடுக்கிக்கொண்டே அக்கா சொன்னார். "முப்பத்திரண்டாம் பக்கத்தில கடலோரத் தண்டவாளத்தில ஓடுற கோச்சியைப் பற்றி எழுதினது நல்லா இருக்கு பிள்ளை. மற்றதெல்லாம் சும்மா."

ஆய்வுரை செய்த மூன்று பெரிய மனிதர்களும் அட்டையைத் தாண்டிப் போகவில்லை. புத்தகத்தை வாசித்த ஒரே ஆள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஒரு நாள் கடைக்குப் போனேன். அக்கா கவுன்டரில் இருந்து போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சேர், சனிக்கிழமை கட்டாயம் வாங்கோ. எழுத்தாளர் தன்ர பேச்சில உங்கட பேரைச் சொல்லப்போறாராம்."

வைத்தார். அடுத்த நம்பர். அதே வசனம். அதற்கடுத்த நம்பருக்கும் அதே... எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னக்கா, இப்பிடிப் பொய் சொல்லுறியள்?"

"வேற எப்பிடி வருவினம்? புத்தகத்துக்கு ஆர் வாறது? தங்கட பேரைக் கேக்கத்தான் வருகினம்."

"பேர் சொல்லாட்டி கோவிக்க மாட்டினமோ?"

"அடுத்த பேச்சில வரும், அடுத்த பேச்சில வரும் எண்டு நன்றியுரை முடியும்வரைக்கும் இருப்பினம். அதால தானே பிள்ளை கதிரை காலியாகிறதில்லை."

இப்போது விளங்குகிறதா, கொழும்பின் மாபெரும் இலக்கிய ஆளுமைகளே? உங்களை அந்தக் கதிரையில் இரண்டரை மணித்தியாலம் கட்டிப்போட்டது தமிழ்ப் பற்று இல்லை. கவுன்டர் அக்காவின் ஒரு பொய்.

நேற்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்காவின் உடலைத் தங்கச்சி வீட்டில்தான் வைத்திருந்தார்கள். சொந்தக்காரரையும் கடைக்காரரையும் விட்டால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் நான்கு பேர். என்னையும் சேர்த்து.

மாநாடு என்றால் டொரொண்டோ வரைக்கும் பறக்கிறீர்கள். கொழும்புக்குள்ளேயே, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை தூரமாம். அங்கே யாரும் உங்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை, அதுதானே?

கடை முதலாளி ஒரு கொப்பியை என் கையில் தந்தார். அக்கா போன் நம்பர்களை எழுதி வைத்த கொப்பி. "சனிக்கிழமைக்கு ஆக்களைக் கூப்பிட வேணும். நீர் எடுப்பீரோ?" பெட்டி இன்னும் மூடவில்லை, இவருக்குச் சனிக்கிழமைக் கவலை.

விரித்துப் பார்த்தேன். பெயர், நம்பர், பக்கத்தில் அக்காவின் குறிப்பு. "முன்வரிசை இல்லாட்டி முகத்தைத் தூக்குவார்." "தேத்தண்ணியும் ரோல்ஸும் குடுத்த உடனே கிளம்புவார், பிந்திக் குடுக்கவும்." "தன்ர புத்தகத்தை மட்டும் வாசிப்பார்." "பேராசிரியர் எண்டு சொன்னால் போதும், வருவார்."

உங்களை இவ்வளவு துல்லியமாக எந்த விமர்சகரும் எழுதியதில்லை.

எடுக்கிறேன் என்று சொல்லிக் கொப்பியை வாங்கி வந்தேன். போன் எடுக்கப் போவதில்லை. இந்தப் போஸ்ட்தான் அழைப்பு. வரும் சனி மாலை, அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டும். உங்கள் பெயர் சொல்லப்படும். இந்த முறை பொய் இல்லை... கொப்பியை விரித்து ஒவ்வொன்றாக வாசிப்பேன், குறிப்போடு சேர்த்து.

முதலில் என் பெயரை.

நடுப்பக்கத்தில் இருக்கிறது. என் நம்பரை எழுதி, பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "போன் எடுக்கத் தேவையில்லை. தானா வருவா."

மூன்று மாதமாக நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. பேச்சாளர் பட்டியலில் என் பெயரைப் போடவில்லை என்ற கோபம். அக்கா ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். ஒரேயொரு சனிக்கிழமை போயிருந்தால் கவுன்டரில் அவர் இல்லை என்று கண்டிருப்பேன்.

"ஆழ்ந்த இரங்கல்" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். அழுகிற பொம்மையும் வேண்டாம்.

போயிட்டு வாங்கோ அக்கா. சனிக்கிழமை நேரத்தோடேயே வந்து கதிரை போடுறன்.