பெண்கள் கவுன்ட்டரிலிருந்து ஒரு தியேட்டர்

சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவளின் முகம் யாருக்கும் தெரியாது. சுவர் ஓட்டை வழியாக நீளும் கைதான் தெரியும். பட்டுக்கோட்டையில் ஒரு பழைய தியேட்டரின் பெண்கள் கவுன்ட்டரில், கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து பேரன் பிறக்கும் வரைக்கும் அந்தக் கையாக இருந்தவள் நான். பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர்கள், ரேஷன் கடையில் எடை போடுபவர்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர்கள் எல்லோரும் நம்ம கூட்டம்தான். உங்களுக்கும் தினம் நாலு பேர் மேல் கோபம் வந்திருக்கும், சம்பளத்துக்காக முழுங்கியிருப்பீர்கள். இப்போது பழைய தியேட்டர் என்றாலே ஆளாளுக்குக் கண் கலங்குகிறார்கள். எனக்குக் கலங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சந்து

பெண்கள் வரிசை என்பது இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. மேலே தகரம். உள்ளே நுழைந்துவிட்டால் டிக்கெட் வாங்காமல் திரும்ப முடியாது. ஆனால் ஆண்கள் வரிசை ரோடு வரைக்கும் நீளும், எங்களுடையது சின்னது. அதனால் புதுப்படம் வந்தால் ஊரிலுள்ள ஆம்பளைகளுக்கெல்லாம் திடீரென்று பெண்டாட்டி ஞாபகம் வந்துவிடும்.

ஒரு தீபாவளிக்கு நிறைமாசக்காரி ஒருத்தி அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாள். புருஷன் எதிர் டீக்கடையில் சிகரெட் பிடித்துக்கொண்டு, நடுநடுவே வந்து, “சீக்கிரம் வாங்குடி, படம் போட்டுருவான்” என்று கத்திவிட்டுப் போனான். பக்கவாட்டுக் கதவைத் திறந்து அவளை வெளியே விடச் சொல்லி மேனேஜரைக் கேட்டேன். “ஒருத்திக்குத் தொறந்தா எல்லாரும் அந்த வழியாவே வருவாங்க” என்றார். நானே எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தேன். அவளை இழுத்து வந்து என் ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும் இரண்டு டிக்கெட் கிழித்து நீட்டினேன். அவள் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஒரு டிக்கெட்டைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னாள்: “ஒண்ணு போதுங்கக்கா. அவரு டீ குடிச்சுக்கிட்டே இருக்கட்டும்.”

பால்கனி

எங்கள் தியேட்டரில் தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று நாலு வகுப்பு. எந்தத் தெருக்காரர்கள் எதில் உட்காருவார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும். சம்பா அறுவடை முடிந்த சமயம், மாரிமுத்து என்பவரின் மனைவி என்னிடம் மூன்று பால்கனி டிக்கெட் வாங்கினார். மாரிமுத்து ஒரு மிராசுதாரிடம் வயல் வேலை செய்பவர். கூட அவர்களுடைய பள்ளிக்கூடத்து மகள், ரிப்பன் கட்டி, முதல் தடவையாக மாடிப்படி ஏறுகிற சந்தோஷத்தில் இருந்தாள்.

கெட்ட நேரம், அன்றைக்கு அந்த மிராசுதாரும் குடும்பத்தோடு வந்திருந்தார். மேனேஜர் என்னிடம் ஓடி வந்து, “பால்கனின்னா ஆளப் பாத்துக் குடுக்க வேணாமா?” என்றார். “ஆளுகிட்ட எதைப் பாக்கணும் சார்?” என்று கேட்டேன். தப்பாகக் கொடுத்துவிட்டதாக நானே வந்து சொல்ல வேண்டும் என்று மாடிக்குக் கூட்டிப் போனார். நான் போனேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கீழே நல்ல பெஞ்சாகப் போட்டுத் தருவதாக மேனேஜரே மாரிமுத்துவிடம் கெஞ்சிப் பார்த்தார். பின்வரிசையில் மிராசுதார் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்றைக்கும் வருகிறது. மாரிமுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை: “இந்த நாற்காலியில அவங்க பேரு எழுதியிருந்தா காட்டுங்க சார், எந்திரிச்சுடுறேன்.”

மிராசுதார் குடும்பம் படம் பார்க்காமல் இறங்கிப் போனது. மேனேஜர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆபரேட்டர் செல்வராஜ் சொன்னார்: “அந்த ஒரு வாரம் நிம்மதியா இருந்திருப்பியே.”

பெட்டி

ஒரே பிலிம் பெட்டியை வாங்கி, எங்கள் தியேட்டரிலும் பக்கத்து ஊர்த் தியேட்டரிலும் மாற்றி மாற்றி ஓட்டுவது முதலாளியின் சாமர்த்தியம். அங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் இங்கே வர வேண்டும். நடுவில் அலைவது அப்பாஸ் அண்ணன். அவரும் அவருடைய மொபெட்டும்தான் அந்தச் சாமர்த்தியத்துக்கு அஸ்திவாரம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. இடைவேளை முடிந்தும் ரீல் வரவில்லை. ஜனங்கள் விசிலடித்தார்கள், பிறகு நாற்காலிக் கையை உடைத்தார்கள், பிறகு என் கவுன்ட்டரில் கல் விழுந்தது. படத்தை நிறுத்தியவள் நான்தான் என்பது போலத் திட்டினார்கள். அப்பாஸ் அண்ணன் வந்தபோது மொபெட் இல்லை. இடுப்பளவு தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். தார்ப்பாயில் சுற்றிய ரீலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். முழங்காலில் ரத்தம். முதலாளி காரிலிருந்து இறங்கி, ஆளைப் பார்க்காமல் தார்ப்பாயைப் பிரித்துப் பார்த்தார். “நனைஞ்சுதா?” என்றார். அப்பாஸ் அண்ணன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “ரீலு நனையலீங்க. நான்தான் நனைஞ்சேன்.”

பூட்டு

பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே கலர் சோடா பாட்டில் பெட்டிகளும் பழைய போஸ்டர்களும். மூன்று மணி நேரப் படத்துக்கு வரும் பெண்கள் தியேட்டருக்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் சுவரேறி எட்டிப்பார்க்க ஒரு கும்பல் தயாராக இருக்கும். முதலாளியிடம் பல தடவை சொல்லிவிட்டேன். “வீட்லயே போயிட்டு வரச் சொல்லும்மா” என்பார். அவர் வீட்டுப் பெண்கள் படம் பார்க்க வந்தால் மட்டும் சாவி தானாகக் கிடைத்துவிடும்.

அதிராம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வரும் பெண்கள் சிலர், கூடை காலியானதும் மேட்னிக்கு வருவார்கள். அவர்களில் செல்லம்மாள் என்று ஒருவர். ஒரு நாள் கூட வந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள். செல்லம்மாள் என்னிடம் சாவி கேட்டார். என்னிடம் இல்லை என்றேன். அவர் நேராகப் போய்ச் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து வந்து இரண்டே அடியில் பூட்டைத் தட்டிவிட்டார். கலர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வராந்தாவில் அடுக்கினார். நானும் கவுன்ட்டரை மூடிவிட்டுப் போய்க் கூடத் தூக்கினேன். மேனேஜர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். செல்லம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்: “பூட்டு என்ன விலைன்னு சொல்லுங்க, புதுசா வாங்கித் தர்றேன். ஆனா சாவி இந்த டிக்கெட் குடுக்குற பொண்ணு கையிலதான் இருக்கணும்.”

போன்

புயலடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்த வருஷம் தியேட்டர் கூரையும் பாதி பறந்தது. முதலாளி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சென்னையிலிருக்கும் மகன்தான் முதலாளி. எங்கள் வீட்டுக் கூரையே ரோட்டில் கிடந்த நேரத்திலும், நானும் செல்வராஜும் போய்த் திரையைச் சுருட்டிப் பத்திரப்படுத்தினோம். சீட்டில் தேங்கிய தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றினோம். கரண்ட் வந்ததும் ஓட்டலாம் என்று நினைத்தோம்.

சின்ன முதலாளி போன் செய்தார். இடத்தைக் கைமாற்றப் பேச்சு முடிந்துவிட்டது, இனி யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்றார். எப்போது முடிந்தது என்று செல்வராஜ் கேட்டார். புயலுக்கு முன்பே என்று பதில் வந்தது. நாங்கள் வாளியோடு நின்றுகொண்டிருந்தோம். செல்வராஜ் போனை அணைத்துப் பையில் போட்டார்: “காத்தடிக்கிறதுக்கு முன்னாடியே நம்மள தூக்கிட்டாங்க, நாமதான் கவனிக்கல.”

கார் மட்டும்

கொஞ்ச நாளில் சின்ன முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. தென்னை விழுந்து வெட்டவெளியாகக் கிடந்த தன் தோப்பில் திரை நட்டு, காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர் போட்டார். டிக்கெட் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார். எனக்கும் வேறு வேலை இல்லை. கார் தவிர எதையும் உள்ளே விடக்கூடாது என்பது உத்தரவு. இந்தப் பக்கத்தில் எத்தனை கார் இருக்கிறது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நடந்து வந்தவர்களை, சைக்கிளில் வந்தவர்களை, பிள்ளையை முன்னால் உட்கார வைத்து மொபெட்டில் வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பும் பாவம் என் தலையில் விழுந்தது.

ஒரு சாயங்காலம் டிரெய்லரோடு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லர் நிறைய நடவுக்குப் போய்த் திரும்பும் பெண்கள், காலில் சேறு கூடக் காயவில்லை. காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். சின்ன முதலாளி, “இமேஜ் போயிடும், அனுப்புங்க” என்றார். நான் நகரவில்லை. டிராக்டர் ஓட்டியவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்: “காருக்கு நாலு சக்கரம். இதுக்கு டிரெய்லரோட ஆறு இருக்கு. கூட ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து டிக்கெட் போடுங்க, வண்டி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.”

டிக்கெட் போட்டேன். மறுநாள் வேலை போனது. அடுத்த மழைக்குள் திரையும் போனது.

செல்ஃபி

பழைய தியேட்டரை இடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே திரண்டது. ஓட்டிய காலத்தில் இப்படி ஒரு கூட்டம் வந்திருந்தால் இடித்திருக்கவே மாட்டார்கள். உடைந்த பால்கனிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். சந்துச் சுவரைத் தடவிப் பெருமூச்சு விட்டார்கள். அந்தச் சந்தில் ஒரு தடவையாவது நின்றவர்கள் அவர்களில் யாருமில்லை.

ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு போனை முகத்துக்கு நேராக நீட்டினார். வேட்டி சட்டை, வெளியே பெரிய கார். “அது பொற்காலம்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம், போடுறேன்” என்றார். கடைசியாக இங்கே எப்போது படம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். காலேஜ் படிக்கும்போது என்றார். அப்புறம் ஏன் வரவில்லை என்றேன். அவருக்கு என் மேல்தான் வருத்தம் வந்தது: “பார்க்கிங் வசதி சரியில்லையே மேடம், எப்படி வர்றது?”

இத்தனை வருஷம் அந்த ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சம்பாதித்தது, தீராத முதுகுவலியும், யாராவது “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா” என்றால் மட்டும் கேட்காமல் போகும் காதும்தான்.