பேச்சுத் துணை

எனக்கும் என் மகனுக்கும் பேச்சு எப்போதும் குறைவு. வளைகுடாவிலிருந்து போன் செய்தால்கூட, "சாப்டீங்களாத்தா" என்று அப்பன் என்னிடம் கேட்டுவிட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்வான். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து அவன் ஊர் திரும்பியபின், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை போய் வருகிறோம். பஸ்ஸிலும் பேச்சில்லை.

போன வாரம் டயாலிசிஸ் முடிந்ததும், "படுத்துப் படுத்துக் காலு மரத்துப்போச்சு, நடந்தே வாரேன்" என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியவன் பாதி வழியில் சுருண்டு விழுந்தான். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. தார் ரோட்டில் கிடந்த அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இனி நடையே வேண்டாம் என்றேன். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

"முடக்கிப் போட்டா இருக்குற தெம்பும் போயிரும். டயாலிசிஸ் அன்னைக்கு ரெஸ்ட். மறுநாள் மெதுவா நடக்கட்டும். பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு திணறுனா நின்னுடணும். நீங்க கூடப் போங்க."

நேற்று டயாலிசிஸ் முடிந்தது; இன்று வெயில் தாழ்ந்ததும் ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தை நோக்கி இருவரும் நடந்தோம். இன்னொரு முறை விழுந்தால் வெளியே விடமாட்டேன் என்பது அவனுக்கும் தெரியும். இளநீர்க்காரர் எங்களைப் பார்த்ததும் அரிவாளை எடுத்தார்.

"வாங்க தம்பி, ஒரு எளநி குடிச்சா சூடெல்லாம் எறங்கிரும்."

"கிட்னி போனதுலேருந்து எனக்கு அது ஆகாது மாமா. அத்தாவுக்கு வெட்டுங்க, அவுகதான் சூடா இருக்காக."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கொஞ்ச தூரத்தில் அவன் பேச்சு நின்றது.

"என்னப்பா, மூச்சு வாங்குதா?"

"இல்லத்தா. பேசுறதுக்கு ஒண்ணுமில்ல."

"என்னத்தையாவது பேசு."

கட்டிக் கிடந்த விசைப்படகுகளின் நம்பர்களை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தான். என் காதில் நம்பர் விழவில்லை, அவன் மூச்சுதான் விழுந்தது. ஐஸ் கம்பெனியை நெருங்கும்போது ஒரு நம்பர் பாதியில் அறுந்தது. நான் வாய் திறக்குமுன் அவனே நின்றான்.

"போதும்த்தா. இங்கன உக்காருவோம்."

கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டிகளில் உட்கார்ந்தோம். நிற்க வேண்டிய இடம் அவனுக்கே தெரிந்திருந்தது. அந்த ஒன்றை நம்பித்தான் அடுத்த நடைக்கும் சரி என்றேன். நாளை மறுபடி ஆஸ்பத்திரி, மறுநாள் நடை. அதற்குள் பேச ஏதாவது யோசித்து வைக்க வேண்டும்.