கருகல் வாடை

பட்டறையில் எல்லோரும் அவரை ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டுவது அவர் தொழில். சட்டைப்பையில் ஒரு மல்டிமீட்டர் எப்போதும் இருக்கும். கடைக்காரர் புது பேட்டரி கொடுத்தால் அங்கேயே அளந்து பார்ப்பார். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது உட்காரச் சொன்ன நாற்காலியை விட்டுவிட்டு, சுவிட்ச் போர்டைச் சோதித்தவர். அளக்காத எதையும் நம்பமாட்டார். மனிதர்களை அளக்க மீட்டர் இல்லாததால் அவர்களை நம்புவதே இல்லை.

நாற்பத்தெட்டு வயதில் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தார். மற்றவர்கள் போகும் அலைவரிசைகள் அவருக்குச் சப்பென்று இருந்தன. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், மோர்ஸ் தட்டிப் பேச ஆசை. அதற்கு முறைப்படி ஆன்டெனா அரை கிலோமீட்டர் உயரம் வேண்டும். மொட்டைமாடியில் நட்ட கம்பமோ பன்னிரண்டு மீட்டர். குறைகிற உயரத்தை ஈடுகட்ட அடியில் ஒரு பெரிய கம்பிச்சுருள் வைக்க வேண்டும். அந்தச் சுருளில் எவ்வளவு சக்தி சூடாக வீணாகிறது என்பதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது.

‘காயில் கட்ட எனக்கா சொல்லித் தரணும்?’ என்று ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பீப்பாயை எடுத்தார். மோட்டாருக்குக் கட்டுவதுபோலவே இடைவெளி விடாமல், நெருக்கி நெருக்கி நூற்று முப்பது சுற்று சுற்றினார். பார்க்க அச்சில் வார்த்ததுபோல இருந்தது.

தொல்லை இரண்டாம் வாரத்தில் ஆரம்பித்தது. சுருதி சேர்த்து வைத்த ஆன்டெனா மறுநாள் மாலை இரண்டு கிலோஹெர்ட்ஸ் மேலே போயிருந்தது. மறுபடி சரிசெய்தார். மறுபடி விலகியது. யாரோ கைவைக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. மேல்மாடி அறையில் மனைவியின் தம்பி குடியிருந்தான். மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்து அறை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை, விட்டு விட்டு ஷிப்டு. கொஞ்ச நாளாக அவரைப் பார்த்தாலே நழுவினான்.

அந்த நேரம் பார்த்து, உரிமம் கொடுத்த அரசு அலைவரிசை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் நிலையம் பாதுகாப்பற்றது எனப் புகார் வந்துள்ளது. பார்வையிட வருகிறோம்.’

மீட்டருக்குக் காது சூடேறியது. உப்பிட்ட வீட்டுக்கே இரண்டகமா? அன்றிலிருந்து மைத்துனனோடு பேச்சை நிறுத்தினார். தினமும் காலையில் மொட்டைமாடிக் கதவின் குறுக்கே, முழங்கால் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத, காயில் கட்டுகிற மெல்லிய நூல் ஒன்றைக் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் மாலை நூல் அறுந்து கிடந்தது.

அடுக்களையில், மனைவி முன்னால் வைத்தே மைத்துனனைப் பிடித்தார்.

“இன்னிக்கு மாடிக்குப் போனியா?”

“இல்லையே மாமா.”

“நூல் அறுந்திருக்கு. பொய் சொல்லாத. என் காயில்ல கைவெச்சது நீதான். புகார் எழுதிப் போட்டதும் நீதான்.”

மைத்துனன் அக்காவை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து மேடைமேல் வைத்தான்.

“இதுக்குத்தான் போனேன். விட்டுட்டேன்னு அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். உங்க பீப்பாய் பக்கமே நான் போகல.”

“அப்ப லெட்டர்?”

“அது நான் போட்டது,” என்றாள் மனைவி.

மீட்டர் திரும்பிப் பார்த்தார். இருபது வருடமாக அவர் சந்தேகப்படாத ஒரே ஆள்.

“மூணு தடவ சொன்னேன், கருகுற வாடை வருதுன்னு. காதுல வாங்குனீங்களா? மூணு வாரம் முன்னாடி விளக்கு வைக்கிற நேரத்துல துணி எடுக்கப் போனேன். நீங்க கீழ டொக்கு டொக்குன்னு தட்டிட்டு இருந்தீங்க, மேல அந்தப் பீப்பாய் உச்சியில ஊதா நிறத்துல பொறி பறக்குது. நான் சொன்னா கேக்கமாட்டீங்க. சர்க்கார் சொன்னா கேப்பீங்கல்ல?”

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். துணி தீய்வதற்கு முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். அவருடைய மூக்கோ நாள் முழுக்க எரிந்த மோட்டார்களுக்கு நடுவிலேயே கிடந்து மரத்துப்போயிருந்தது.

நேராக மாடிக்குப் போனார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுருளின் மேல்பக்கம் விரலால் தடவிக்கொண்டே வந்தார். மேலிருந்து ஐந்தாவது சுற்றில் கம்பியின் எனாமல் பூச்சு கருகி, பக்கத்துச் சுற்றோடு ஒட்டிப்போயிருந்தது. பீப்பாய் அந்த இடத்தில் குழிந்திருந்தது. ஷார்ட்டான சுற்று. அதனால்தான் அதிர்வெண் மேலே ஏறியிருக்கிறது. தினம் பத்து மோட்டாரில் இதைக் கண்டுபிடிக்கிற மனிதர், தன் வீட்டில் நூல் கட்டி ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

பார்வையிட வந்த அதிகாரி ஒரு பெண். மைத்துனன்தான் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவர் சுருளின் இழப்பை அளந்து, “நாற்பது ஓம். பாதி சக்தி பீப்பாயைத்தான் சூடாக்குது. கறுப்புப் பிளாஸ்டிக்ல கரி கலந்திருக்கும், அது சக்தியக் குடிச்சுச் சூடாகும், தெரியுமா?” என்றார். சுருளைச் சுற்றி வேலி போடாமல் ஒலிபரப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மீட்டர் அந்த நாற்பதை நம்பவில்லை. தானும் அளந்தார். நாற்பத்தொன்று.

பீப்பாயைத் தூக்கிப்போட்டார். வெள்ளைக் குழாய்களை வட்டமாக நிறுத்திக் கூடுபோலச் சட்டம் கட்டினார். தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பியை வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே இடம்விட்டுச் சுற்றினார். இடம் விடுவது அவர் கைக்கு வரவில்லை. முப்பது வருடப் பழக்கம், விரல் தானாகவே நெருக்கியது. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

“நெருங்குது, மாமா.”

“தெரியுது. நீ ஒழுங்கா புடி.”

பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது. மன்னிப்பு என்று எதையும் அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனனின் அறைக்குப் போய், பொறி அடித்துக்கொண்டிருந்த சுவிட்சை மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

புதுச் சுருளின் இழப்பு பதினான்கு ஓம். வேலி போட்ட மறுவாரம், மழை விட்ட ஒரு விடியலில், கடலுக்கு அப்பால் இரண்டாயிரம் கிலோமீட்டரிலிருந்து மெல்லிய மோர்ஸ் பதில் வந்தது. அதில் வந்தது தன் நிலையத்தின் அழைப்புக்குறிதானா என்று அவருக்குச் சந்தேகம். திருப்பிச் சொல்லும்படி மூன்று தடவை கேட்டார். அந்தப் பக்கத்து ஆள் பொறுமையாக மூன்று தடவையும் சொன்னார்.